சத்தம் படிக்காத பெட்டி

தெருவில் அவளுக்கு ஊமைப்படம் என்று பெயர். பேசத் தெரியாதவள் என்பதால் வந்த பெயர் அல்ல. பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு மூச்சுவிட இடம் கொடுக்கமாட்டாள். ஆனால் பேச்சில் பாதி சத்தமில்லாமல் வரும். உதடு அசையும், புருவம் ஏறி இறங்கும், குரல் மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். "என்னம்மா, வால்யூமைக் கொஞ்சம் கூட்டு" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே குரலைத் திறப்பாள். அது தெருமுனை வரை போகும். நடுவாந்தரம் அவளுக்கு வராது.

தறிக்கூடம் கொடுத்த பழக்கம் அது. கல்யாணத்துக்கு முன்பே மில்லில் சேர்ந்து, தலை நரைக்கும் வரை அங்கேயே நின்றவள். தகரக் கூரை போட்ட நீளமான ஒரே கூடம். வரிசை வரிசையாக விசைத்தறிகள். ஒரு தறியில் ஊடை நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபட்டு ஓடும் ஓசையைப் பொறுத்துக்கொள்ளலாம். அத்தனை தறியும் சேர்ந்து ஓடினால் அந்த ஓசை காதோடு நிற்காது. பல்லில் இறங்கும், நெஞ்செலும்பில் இறங்கும். புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் கத்துவார்கள், பிறகு தொண்டை கட்டி அடங்குவார்கள். பழையவர்கள் உதட்டால் பேசுவார்கள். ஒவ்வொரு சொல்லையும் வாயில் வரைந்து காட்டுவார்கள். நாலு தறி தள்ளி நிற்பவளிடம் வீட்டுச் சண்டை முழுவதையும் சொல்லி முடித்துவிடலாம். நடுவே நிற்கும் மேஸ்திரிக்கு ஒரு சொல் புரியாது. சண்டை மேஸ்திரியோடு என்றால் இன்னும் வசதி.

கண்ணால் கேட்கும் இடத்தில் மறைவு என்று ஒன்று கிடையாது. யார் யாரிடம் என்ன சொன்னாலும் கூடத்துக்கே தெரியும். அதனால் அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. உனக்கென்று சொல்லாததை நீ உதட்டில் படித்துவிட்டால், படித்ததோடு நிறுத்திக்கொள். கண்ணால் கேட்டதைக் காதுக்குக் கொண்டுபோகாதே. இதை மீறிய ஒருத்தியோடு மில்லே ஒரு வருஷம் உதட்டை அசைக்கவில்லை. அவள் கடைசியில் வேலையை விட்டுப் போனாள்.

கண் கூர்மையாக, காது மழுங்கியது. முதலில் வலது காது போயிற்று. இடது காது தயங்கித் தயங்கிப் போயிற்று. அவள் இதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. எதிராளியின் முகம் தெரிந்தால் போதும், பேச்சு தெரிந்துவிடும். முகம் தெரியாதபோது "சரிம்மா, சரி" என்று ஒரு பொதுப் பதில் வைத்திருந்தாள். பத்துக்கு ஏழு தடவை அது பொருந்திவிடும். மகன் ஒருமுறை பிடிவாதமாக அழைத்துப்போய்ச் சோதித்து, காதுக்கு மெஷின் வாங்கிக்கொண்டு வந்தான்.

"எனக்கென்ன டமாரச் செவிடா? நாலு வீடு தள்ளிப் பேசறது கேக்குது எனக்கு!"

நாலு வீடு தள்ளிப் பேசியவர்களை அவள் பார்த்தாள் என்பதே உண்மை. மெஷின் பெட்டியோடு அலமாரிக்குப் போனது. மகன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அவளிடம் எதைச் சொல்வதானாலும் எதிரே வந்து நின்று, முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு சொல்வான். புருஷன் போனபின் அவள் வளர்த்த ஒரே பிள்ளை அவன்; ஒருவர் மற்றவருடைய பொய்யைக் காப்பாற்றிக்கொடுக்கும் அளவுக்கு இருவருக்கும் பழக்கம்.

மகனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. பகலெல்லாம் அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வருபவனுக்கு, சாயங்காலம் டிவியின் முன் உட்கார்ந்து கார் ஓட்டவேண்டும். அதற்கென்று ஒரு கேம் பெட்டி வாங்கினான். கருப்பாக, ஒரு தடித்த புத்தகத்தைப் படுக்கவைத்தது போல இருக்கும். கையில் பிடிக்கும் கருவிக்கு அவள் வைத்த பெயர் ஸ்டியரிங்.

"ஊர்ல எல்லா ஆம்பளையும் காரை ரோட்டுல ஓட்டறான். எம்பிள்ளை மட்டும் சுவத்துல ஓட்டறான்."

"பெட்ரோல் மிச்சம் அத்தை" என்பாள் மருமகள். அவளுக்கு மருந்துக் கடையில் பில் போடும் வேலை. சிக்கனமாகப் பேசுபவள், ஆனால் சமயத்தில் சரியாகப் பேசுபவள்.

பிறகு மகனின் ரத்தத்தில் நோய் வந்தது. வேலை நின்றது; ஆபீஸ் லேப்டாப்பை ஆபீஸ் திரும்பக் கேட்டது. அதைக் கொடுப்பதற்கு முன்பு, தன்னிடமிருந்த பழைய வீடியோ கேமராவில் எடுத்ததையெல்லாம் உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஏற்றி வைத்தான். கேமராவின் கார்டு சின்னது. ஏற்ற ஏற்ற அதை அழித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்க முடியும். டிஸ்க்கை மனைவியிடம் கொடுத்தபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: "கடைசி ஃபைல் உனக்கு. இப்ப வேணாம். அப்புறமா பாரு."

அந்த அப்புறம் மழைக்காலத்துக்கு முன்பே வந்துவிட்டது.

மருமகள் தன் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அவள் அம்மா இரண்டு முறை வந்து அழைத்தாள். "அத்தையைத் தனியா விட்டுட்டு எப்படிம்மா?" என்று இரண்டு முறையும் திருப்பி அனுப்பினாள். ஊமைப்படம் அதைச் சமையலறை வாசலிலிருந்து கண்ணால் கேட்டாள். அன்று முதல் அவளுக்குள் ஒரு பயம் குடிவந்தது. இதற்கு முன்பு வராதது ஏனென்றால், மருமகள் போகக்கூடியவள் என்பதே அதற்கு முன்பு அவளுக்குத் தோன்றவில்லை. வாசல் மணி அடித்தால் தோளைத் தொட்டுச் சொல்பவள் மருமகள். குழாய் திறந்து கிடந்தால் ஓடிப்போய் மூடுபவள் அவள். டாக்டர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே சொல்வதை வெளியே வந்து எதிரே நின்று திருப்பிச் சொல்பவள் அவள். இதெல்லாம் தனக்குத் தேவை என்று மாமியார் சொன்னதில்லை. தேவையென்று தெரியும் என மருமகள் காட்டிக்கொண்டதில்லை. கிழவிக்கு இடது காது ஓரளவு கேட்கும் என்றே மருமகள் நினைத்திருந்தாள். கிழவி அப்படித்தான் நடித்து வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருமகள் அந்த டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அத்தை, இன்னைக்கு அவரைப் பாக்கலாமா? எனக்கு அவர் குரலே மறந்துபோகுது."

வீட்டு டிவி பழையது. டிஸ்க்கைச் செருக அதில் இடமில்லை. கேம் பெட்டியின் முகத்தில் இருந்தது. செருகியதும் திரையில் ஒரு கேள்வி வந்தது. மருமகள் அதைக் காட்டிச் சொன்னாள்:

"இது ஒவ்வொரு தடவையும் கேக்கும் அத்தை. கேம் சேத்து வைக்க இந்த டிஸ்க்கை எடுத்துக்கட்டுமா, இல்ல படம் பாக்க அப்படியே விடட்டுமான்னு. வலது பக்கத்துதான் நமக்கு. இடது பக்கத்தை அமுக்கினா ஃபார்மேட் ஆயிடும். உள்ள இருக்கறது அத்தனையும் போயிடும்."

ஃபார்மேட் என்ற சொல் அவளுக்குத் தெரியும். மகன் ஒருநாள் சொல்லிக்கொடுத்திருந்தான்: தறியில நீளவாக்குல ஓடற பாவு நூலை அறுத்து எறிஞ்சுட்டு வேற பாவு ஏத்தற மாதிரிம்மா. பாவு தீரும் நேரத்தில் பழைய இழையின் நுனியோடு புது இழையைப் பிணைத்து ஓட்டுவதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் துணி அறாமல் தொடரும். வேறு ரகம் நெய்யப்போகிறார்கள் என்றால் மட்டும் கத்தியை வைப்பார்கள். அறுத்த பாவு நூலை அவள் பார்த்திருக்கிறாள். தரையில் கொத்துக் கொத்தாக, யாருக்கும் ஆகாமல் கிடக்கும்.

மருமகள் வலது பக்கத்தை அமுக்கினாள். ஃபைல்கள் வரிசையாக வந்தன. லிஃப்ட் குழிக்குள் கீழே தெரியும் ஒரு வெளிச்சச் சதுரம். அடுப்பருகே நின்று கேமராவை விரட்டும் மருமகள். படியில் உட்கார்ந்து கேமராவிடம் ஏதோ நியாயம் கேட்கும் ஊமைப்படமே. இடையில் மருமகள் டிவி ரிமோட்டை எடுத்து ஒரே பொத்தானைப் பலமுறை அமுக்கினாள். பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு என்று சத்தத்தைக் குறைக்கிறாள் போலும் என்று மாமியார் நினைத்துக்கொண்டாள்.

கடைசி ஃபைல் திறந்தது. நீலத் திரைச்சீலையின் முன் நாற்காலியில் மகன் உட்கார்ந்திருந்தான். முடி கொட்டிய தலை. ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில். பேச ஆரம்பித்தான், அவள் படிக்க ஆரம்பித்தாள்.

"அழாம கேளு. நீ இங்கேயே உக்காந்து எங்கம்மாவுக்குக் காதா இருந்து உன் காலத்தை ஓட்டாதே. நீ போயிடு. வேற ஒருத்தரைக் கட்டிக்கோ, நல்லா இரு. நானே சொல்றேன், எனக்கு வருத்தமில்ல. அம்மா விடமாட்டாங்க. நீ கேட்டா கேக்காத மாதிரியே இருப்பாங்க. அவங்களுக்கு வேணும்னா கேக்கும், வேணாம்னா கேக்காது. உனக்குத்தான் தெரியுமே. நீ கேட்டுட்டு இருக்காதே. கிளம்பிடு."

பிறகு எழுந்தான். கேமராவை நிறுத்த முன்னால் குனிந்தான். முகம் படத்துக்கு மேலே போய்விட்டது. கழுத்து மட்டும் தெரிந்தது. கழுத்து அசைந்துகொண்டே இருந்தது. அவன் இன்னும் ஏதோ சொன்னான். அது எதுவென்று அவளால் படிக்க முடியவில்லை. படம் நின்றது.

மருமகள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்கு என்ன பொருள் என்பதில் மாமியாருக்குச் சந்தேகமே இல்லை. கேட்டுவிட்டாள். அவன் உத்தரவு கொடுத்துவிட்டான், அவள் வாங்கிக்கொண்டுவிட்டாள். அதுவும் பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பெற்றவளைப் பற்றி அத்தனையும் சொல்லி.

"சரிம்மா, சரி" என்றாள்.

அதன்பின் அவள் காத்திருந்தாள். மருமகள் தானாகப் பேச்சை எடுப்பாள் என்று. ஒரு வாரம் போயிற்று, மருமகள் எடுக்கவில்லை. அவள் பேசாதது கிழவிக்குக் கள்ளத்தனமாகப் பட்டது. வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், நாள் பார்க்கிறாள். மருமகள் பின்பக்கம் போய் ஃபோன் பேசினால் உடம்பெல்லாம் எரிந்தது. ஒருநாள் நல்ல மழையில், மருந்துக் கடையில் சரக்கு அடுக்கும் ஆள் தன் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுவந்து விட்டுப் போனான்.

"யாரு அது?"

"கடையில வேலை பாக்கறவர் அத்தை. பஸ் வரல."

"பஸ் வராதுதான். உனக்கென்ன, உத்தரவு வாங்கியாச்சு. ஸ்கூட்டர் என்ன, காரே வரும்."

"என்ன உத்தரவு?"

"ஒண்ணும் தெரியாத பாப்பா!"

மருமகள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போனாள். சோறு பரிமாறும்போதும் இப்படி ஒன்று விழும். துணி மடிக்கும்போதும் விழும். "மடி, மடி, பெட்டியில அடுக்க சுலபமா இருக்கும்." நாக்கில் எலும்பில்லை என்பார்கள், அந்த நாட்களில் அவள் நாக்கில் முள் இருந்தது. மருமகள் மெலிந்தாள். ஆனாலும் வாசல் மணி அடித்தால் வந்து தோளைத் தொட்டாள்.

அப்போதுதான் கோன்காரி வந்தாள். மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பகுதியில் இருந்தவள்; அவர்களுக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருந்ததால் காது தப்பித்தவள். வாய்ப்பேச்சில் ஊமைப்படத்துக்குச் சளைத்தவள் அல்ல. இருவரும் பாவாடை வயதிலிருந்து சிநேகிதம்.

மருமகள் டீ கொடுத்துவிட்டு, "அவரைப் பாக்கறீங்களா பெரியம்மா?" என்று டிஸ்க்கைச் செருகினாள். வலது பக்கத்தை அமுக்கினாள். நேராகக் கடைசி ஃபைலையே வைத்தாள். அவள் இப்போதெல்லாம் அதைத்தான் பார்த்தாள். நீலத் திரைச்சீலையின் முன் அவன் பேச ஆரம்பித்தான். கோன்காரி டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே போனது. பாதியில் தோழியின் பக்கம் திரும்பி, மில் பேச்சில், உதட்டால் மட்டும் கேட்டாள்:

"ஏண்டி சத்தம் வைக்கல?"

"வெச்சுதான் இருக்கு."

"எங்கடி இருக்கு? ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. நீதான் டமாரம், நான் இல்ல."

ஊமைப்படம் திரையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள்.

"அப்ப அவளுக்கு?"

"அவளுக்கு மட்டும் தனியா வருமா? அவ மூஞ்சியைப் பாரு. உன் பேருக்கு ஏத்த படம்தான் பாக்கறா."

மருமகளின் முகத்தை அவள் அப்போதுதான் உண்மையாகப் பார்த்தாள். அது சொல்லைக் கேட்பவளின் முகமாக இல்லை. பூட்டிய கதவின் முன் நிற்பவளின் முகம்.

"இவன் சொல்றது இவளுக்குத் தெரியாதா?" என்று கேட்டது கோன்காரியின் உதடு.

"தெரியாது போலிருக்கு."

"சொல்லிடு."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்டி."

மருமகள் திரும்பினாள். "என்ன ரெண்டு பேரும் மில் பேச்சு? என்னைத் திட்டறீங்களா?"

"உன்னைத் திட்ட எங்க ரெண்டு வாயும் பத்தாதும்மா" என்றாள் கோன்காரி குரலோடு. சிரிப்பு சரியாக வரவில்லை.

மருமகள் இன்னொன்றும் சொன்னாள். இருவரையும் பார்த்துச் சொன்னதால் கிழவிக்கு ஒரு சொல் தப்பவில்லை. "கேமராவுல மைக் கெட்டுப்போச்சுன்னுதான் இத்தனை நாள் நினைச்சேன் பெரியம்மா. கம்ப்யூட்டர் கடைக்காரர்கிட்ட கேட்டேன். சத்தம் உள்ளதான் இருக்குதாம். இந்தப் பெட்டிக்கு அந்த வகைச் சத்தத்தைப் படிக்கத் தெரியலையாம். சனிக்கிழமை டிஸ்க்கைக் கொண்டுவாங்க, மாத்தித் தரேன்னாரு. கடைசியில குனிஞ்சு என்னமோ சொல்றாரு பாருங்க, கழுத்து அசையுது. அதையும் கேட்டுடலாம்."

வாசலில் கோன்காரி செருப்பை மாட்டிக்கொண்டு உதட்டால் சொன்னாள்: "நான் வாயைத் திறக்கமாட்டேன். கூடத்துச் சட்டம். ஆனா உனக்கு அந்தச் சட்டம் இல்ல. நீ அவன் அம்மா."

இத்தனை நாள் குத்தியதெல்லாம் ஒன்றும் தெரியாத பெண்ணை என்பது கிழவிக்கு உறைக்கத்தான் செய்தது. அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன் மருமகளை எதிரே உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், எழுந்தார்கள். எனக்கென்று சொல்லாததை நான் படித்தேன், படித்ததோடு நிறுத்த வேண்டியதுதானே என்று பழைய சட்டத்தை எடுத்துத் தனக்கே வாதாடினாள். மேஸ்திரியைப் பற்றிய பேச்சுக்கு அந்தச் சட்டம் சரி. இங்கே அது நொண்டியது. நொண்டினாலும் பிடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மருமகள் வேலைக்குப் போனபின் வீட்டில் அவளும் அந்தப் பெட்டியும்தான். மறுநாள் டிஸ்க் கடைக்குப் போகும். சத்தம் வரும். அவன் குரலில், அவன் வாயால், "அம்மா விடமாட்டாங்க" என்று வரும். கேட்டுவிட்டு மருமகள் பெட்டியை அடுக்குவாள். அடுக்கவும் வேண்டும், தான் குத்திய குத்து அப்படி. பிறகு இந்த வீட்டில் மணி அடிக்கும், குழாய் ஓடும், யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

டிவியைப் போட்டாள். பெட்டியைப் போட்டாள். டிஸ்க்கைச் செருகினாள். அவனை இன்னொரு முறை பார்க்கலாம் என்றுதான் செருகினாள் என்று பிற்பாடு கோன்காரியிடம் சொன்னாள். அது பாதி உண்மை. கேள்வி வந்தது. ஸ்டியரிங்கைக் கையில் எடுத்தாள். வெளிச்சம் வலது பக்கத்தில் நின்றது. அதை இடது பக்கம் நகர்த்தினாள். நிச்சயமா என்று மறுபடி ஒரு கேள்வி வந்தது. எழுத்து புரியவில்லை, கேள்வி என்பது புரிந்தது. அமுக்கினாள். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நிறைந்தது. நாடா ஒரே ஒரு தடவை ஓடினது போல. அவ்வளவுதான்.

கத்தி வைத்தபின் தரையில் எதுவும் விழவில்லை.

சனிக்கிழமை காலை, கடைக்குக் கிளம்பும் முன்பு ஒருமுறை பார்த்துவிடலாமென்று மருமகள் டிஸ்க்கைச் செருகினாள். இந்தத் தடவை பெட்டி எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஃபைல்கள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. எடுத்தாள், ஊதினாள், மறுபடி செருகினாள். சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவளை நோக்கித் திரும்பியபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"அத்தை, நேத்து ராத்திரி ஒரு தடவை போடலாம்னு செருகினேன். கண்ணைச் சொக்குச்சு. ஏதோ அமுக்கினேன், ஞாபகம் இல்ல. அப்படியே எடுத்து வெச்சுட்டுப் படுத்துட்டேன்." தலையில் அடித்துக்கொண்டாள். "நானே அழிச்சுட்டேன் அத்தை. அவரை நானே அழிச்சுட்டேன்."

விட்டுவிடலாம். பழி தானாக ஓர் இடம் தேடி உட்கார்ந்துகொண்டது. மருமகள் இனி எங்கும் போகமாட்டாள். குற்றம் செய்தவள் என்று நினைத்துக்கொண்டு இங்கேயே கிடப்பாள். கிழவிக்கு இது ஒரு நொடியில் தெரிந்தது. அந்தத் தெரிதல்தான் அவளைக் கலங்கடித்தது. அடித்துக்கொள்ளும் கையைப் பிடித்தாள்.

"நீ இல்ல. நான்தான் அமுக்கினேன். வெள்ளிக்கிழமை பகல்ல. தெரிஞ்சுதான்."

மருமகளுக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். காது கேட்காததை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னாள். உதட்டில் படித்ததை, அவன் சொன்ன வரிசையிலேயே, தன்னைப் பற்றிச் சொன்னதையும் விடாமல் சொன்னாள். குரல் ஏறி இறங்கிக் கண்டபடி வந்தது.

மருமகள் கேட்டு முடித்தாள். "அவர் சொன்னாரா, இதுவும் நீங்க சொல்றதா?"

"கோன்காரியைக் கேளு. அவளும் படிச்சா."

"யாரையும் கேக்க வேணாம்." எதிரே நின்று, முகம் வெளிச்சத்தில் இருக்க, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவன் நிற்பது போலவே நின்றாள். "போறேன்னு நான் ஒரு நாளாவது சொன்னேனா? அவர் போகச் சொன்னா நான் போயிடுவேனா? அவர் என்ன சொன்னார்ங்கறது எனக்கு முக்கியமே இல்ல அத்தை. 'சோப்பு வாங்கிட்டு வா'ன்னு சொல்லியிருந்தாக்கூடப் போதும். எனக்குக் குரல் வேணும். அதுல அவர் குரல் இருந்துச்சு."

மகனின் குரல் எப்படி இருக்கும் என்று கிழவிக்குத் தெரியாது. சின்ன வயதில் அழுதது நினைவிருக்கிறது. மீசை முளைத்தபின் அவன் குரலை அவள் கேட்டதே இல்லை. அவனுடைய உதடுதான் அவளுக்கு அவன். தான் எதை அறுத்தோம் என்று அறுத்தவளுக்கே தெரியாமல் போயிற்று.

டிஸ்க்கைக் கடைக்காரர் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். அந்தப் பெட்டி எழுதினதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியலம்மா, சில துண்டு வருது, ஓடல என்று திருப்பிக் கொடுத்தார். குனிந்தபோது அவன் சொன்னது எது என்பது அந்தத் துண்டுகளோடு போயிற்று. அதை மருமகளும் கேட்கவில்லை, அவளும் படிக்கவில்லை. தன்னைப் பற்றி வேறு ஏதாவது, கொஞ்சம் இதமாகச் சொல்லியிருப்பானோ என்று அவள் கோன்காரியிடம் கேட்டாள். "கழுத்தை யாருடி படிப்பா?" என்றாள் கோன்காரி.

அடுத்த வாரம் மருமகளின் அம்மா மூன்றாம் முறையாக வந்தாள். இந்தத் தடவை யாரும் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. மருமகள் கேம் பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து காது மெஷினை எடுத்து, புது பேட்டரி போட்டு, மேஜைமேல் வைத்தாள். மாடியில் குடியிருக்கும் பெண்ணிடம் வாசல் மணியைப் பற்றி ஏதோ சொல்லிவைத்தாள். சண்டை இல்லை, சாபம் இல்லை. சண்டை போட்டிருந்தால் கிழவிக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

வாசலில் மருமகள் குனிந்து செருப்பின் வாரை மாட்டினாள். முதுகு இந்தப் பக்கம் இருந்தது. மாட்டிக்கொண்டே ஏதோ சொன்னாள். கழுத்தின் பின்புறம் அசைவது தெரிந்தது, தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. நீளமாகத்தான் சொன்னாள். திரும்புவாள் என்று கிழவி காத்திருந்தாள். வந்த நாள் முதல் இந்த வீட்டில் அந்தப் பெண் அவளிடம் முகத்தைத் திருப்பாமல் பேசியதில்லை.

மருமகள் நிமிர்ந்தாள், பையை எடுத்தாள், அப்படியே படியிறங்கினாள்.

"சரிம்மா, சரி" என்றாள் கிழவி. குரலோடு சொன்னாளா, உதட்டால் மட்டும் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.